கூர்க்கா கத்திக்கு ஒரு வாழை

"ஐயோ...!"

நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில், கொல்லயில் ஊரில் ஒரு ரப்பர் தோட்டம். செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி. அலறியது விஜயதாஸ்.

ரப்பர் பால் வெட்டுகிறவன். தினம் முந்நூறு மரம் பார்க்கிறவன், நாற்பதாவது மரத்தோடு நின்றுவிட்டான்.

அதன் அடியில் தோட்டத்து முதலாளி பொன்னுதாஸ் கிடந்தார். முன்னாள் ராணுவத்தினர் சங்கச் செயலாளர். கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில் சாய்வாக ஒரு வெட்டு.

ஒன்றே ஒன்று! இரண்டாவதற்குத் தேவை இருக்கவில்லை.

நேற்றுச் சாயங்காலமே உயிர் போயிருக்க வேண்டும் என்றார் டாக்டர். வெட்டின் சாய்வை ஒரு தாளில் வரைந்து எஸ்.ஐ. பிரசீதாவிடம் நீட்டினார். சாதாரண வெட்டுகத்தி இத்தனை ஆழம் போகாதாம். முன்பக்கம் கனமான, வளைந்த கத்தி...

கூடியிருந்த அத்தனை தலைகளும் வேலிக்கு அந்தப் பக்கம் திரும்பின.

பட்டாளத்தார் செல்லையன் வீடு!

செல்லையனுக்கு வயது அறுபத்தாறு. மீசைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் இருக்கும். முன்னறைச் சுவரில் ஒரு கூர்க்கா கத்தி. வருகிறவர்களுக்கு முதலில் கத்தி, பிறகுதான் காப்பி. அதை வைத்து எல்லையில் ஒன்பது எதிரிகளைச் சாய்த்திருக்கிறாராம். போன கிறிஸ்துமஸில் ஏழு பேராகத்தான் இருந்தார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை திருச்சபையில் அவருக்குப் பொன்னாடை. அதற்குத்தான் பொன்னுதாஸ் உதியன்குளங்கரை டீக்கடையில் பத்துப்பேர் முன்னால் சவால் விட்டிருந்தார். 'சபையில மைக்கைப் பிடிச்சு நான் சொல்லுதேன், இவரு பட்டாளத்துல என்ன கிழிச்சாருன்னு.'

சொல்வதற்குள் போய்விட்டார்.

பிரசீதா உறை போட்ட கையால் கத்தியை உருவினாள். கழுவித் துடைத்திருந்தது. பளபளத்தது. ஆனால் கைப்பிடியை ஒட்டி அலகில் இருந்த சின்ன வெட்டுக்குள்... கறுத்த சிவப்பு!

"நானாக்கும் வெட்டினது" என்றார் செல்லையன்.

அவள் இன்னும் கேட்கவே இல்லை.

"வயசு அறுபத்தாறு. ஒரே வெட்டுல எப்படி?"

"கத்தி அப்படிப்பட்டதாக்கும், மேடம். எடை முழுக்க முன்னால. நாம ஓங்கி வீசாண்டாம், அதுவே விழும். வளைவு இருக்குல்லா, விழும்போதே இழுத்து அறுத்துக்கிட்டுப் போவும். வெட்டுத வாய்க்கு மட்டும் கொல்லன் தண்ணி ஊத்தி உறுதியாக்குவான். முதுகு மெதுவு. அதனால எலும்புல பட்டாலும் ஒடியாது."

"கைப்பிடிகிட்ட இந்தச் சின்ன வெட்டு?"

"ரத்தம் கைக்கு வராம அங்கயே சொட்டிப் போவும்."

"சொட்டல்லையே" என்றாள் பிரசீதா.

பிறகு மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள்.

"தேங்காய் எண்ணெய் மணம். பட்டாளத்துல கத்திக்குத் தேங்காய் எண்ணெயா போடுவாங்க?"

செல்லையன் விலங்குக்கு இரண்டு கையையும் நீட்டினார்.

கத்தி ஆய்வுக்கூடத்துக்குப் போனது. செல்லையன் ஜீப்பில் போனார். போகும்போது ஒருமுறை திரும்பி மனைவி சுகிர்தபாயைப் பார்த்தார். 'நீ வாய் தொறக்காதே' என்று அந்தப் பார்வைக்குப் பொருள். புருஷன்மார் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள் என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை தெளிவெடுப்பு. எப்படிச் செய்தாய் என்று குற்றவாளியையே கூட்டிவந்து செய்து காட்டச் சொல்லும் சடங்கு. நெய்யாற்றின்கரையில் ஓய்வுபெற்ற ஒரு சுபேதாரிடம் அதே அளவு, அதே எடையில் ஒரு கூர்க்கா கத்தி இரவல் வாங்கி வந்திருந்தாள் பிரசீதா.

முற்றத்தில் குலை வெட்டிய வாழை ஒன்று நின்றது.

"அதுதான் பொன்னுதாஸ். வெட்டுங்க."

போலீஸ்காரர் பிபின் மொபைலில் படம் பிடித்தார். வேலிக்கு வெளியே ஊர் நின்றது. வாசல் திண்டில் சுகிர்தபாய் உட்கார்ந்து பலாச்சக்கைச் சுளை உரித்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் எண்ணெய்.

செல்லையன் மீசையை முறுக்கினார். ஓங்கினார்.

பொதக்!

கத்தி வாழைக்குள் நாலு விரல் போய் மாட்டிக்கொண்டது. காலை வைத்து மிதித்துப் பிடுங்கினார். மறுபடி வீசினார். இந்தமுறை கத்தி பட்டையாகப் பட்டு, கையை விட்டுப் பறந்து, கோழிக்கூட்டின் மேல் போய் விழுந்தது.

கோழிகள் மட்டும் பயந்தன!

"கத்தியை இப்படியா பிடிப்பாங்க?" பிரசீதா பெருமூச்சு விட்டாள். "அண்டாவுல சாம்பார் கிண்டுற மாதிரி இருக்கு."

"இன்னும் ஒரு தடவை பாக்கட்டா, மேடம்?" குரல் கெஞ்சியது. "நானாக்கும் செய்தது. சத்தியமா நானாக்கும்."

ஜெயிலுக்குப் போக இப்படி ஆசைப்பட்ட ஆளை அவள் சர்வீஸில் பார்த்ததில்லை.

வாழையையே வெட்டத் தெரியாதவர் மனுஷனை வெட்டியிருக்க முடியாது. ஆனால் ரத்தம் இந்த வீட்டுக் கத்தியில்தான் இருந்தது. தினம் இங்கே ரப்பர் பால் வாளியை வைக்க வருகிறவன், கத்தி பிடித்துப் பழகியவன், பொன்னுதாஸ் வேலையைவிட்டு நிறுத்துவதாக மிரட்டியிருந்தவன்...

"விஜயதாஸை ஏத்துங்க" என்றாள்.

விஜயதாஸ் தரையில் விழுந்து அழுதான். வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள் என்றான். வேறு எதுவும் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

திண்டில் சுளை உரிப்பது நின்றது.

"எலே விஜயா, அழாதே மக்கா."

சுகிர்தபாய் எழுந்தாள். கையைத் துடைத்தாள். கோழிக்கூட்டின் மேலிருந்து கத்தியை எடுத்தாள்.

"எட்டி, வேண்டாம்..." என்றார் செல்லையன்.

சதக்!

வாழை ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு மேல்பாதி மெதுவாக வழுக்கி இறங்கியது.

டாக்டர் தாளில் வரைந்து கொடுத்த அதே சாய்வு!

"முப்பது வருசமா இதுலதான் சக்கை வெட்டுதேன், மேடம். சக்கைக்கு இதைப்போல கத்தி கிடையாது. எண்ணெய் தடவாட்டா சக்கைப்பாலு அரக்குபோல ஒட்டிக்கிடும்."

மற்றதை அவள் நிதானமாகச் சொன்னாள். திங்கள் சாயங்காலம் வேலியோரத்துப் பலாவில் சக்கை வெட்டப் போனாள். தோட்டத்தில் பொன்னுதாஸ் நின்றார். ஞாயிற்றுக்கிழமை அதைச் சொல்லிவிடாதீர்கள் என்று காலில் விழுந்து கேட்டாள். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பி நடந்தார். கத்தி கையில்தான் இருந்தது...

"எதைச் சொல்லக் கூடாதுன்னு?"

"அது மட்டும் கேக்காதிங்க. ஒரு உசிரு போனது அதுக்காக்கும்."

செல்லையன் வாழையின் அடியில் உட்கார்ந்துவிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையாகவே ஒரு வீரம் செய்யப் பார்த்தார். ஒரு வாழை அதைக் கெடுத்துவிட்டது.

பெண் போலீஸ் சுகிர்தபாயை ஜீப்பில் ஏற்றினாள். ஊர் முழுக்கச் சுற்றி நின்றது. சபைப் பாஸ்டர் உட்பட. செல்லையன் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நீ இல்லாமல் எனக்கு யார் ஒரு வாய் சோறு தருவார்கள் என்று தேம்பினார்.

சுகிர்தபாய்க்கும் கண் கலங்கியது. கூடவே எரிச்சலும் வந்தது. நாற்பது வருஷ எரிச்சல்.

"பிள்ளையளப் போல அழாதிங்க. பட்டாளத்துல முந்நூறு பேருக்குப் பொங்கிப் போட்ட குசினிக்காரருக்கு ஒத்தை வயித்துக்குப் பொங்கத் தெரியாதா?"

ஊர் முழுக்கச் செல்லையனைத் திரும்பிப் பார்த்தது. மீசை தொங்கியது. ஜீப் புறப்பட்டது.

பொன்னுதாஸ் ஞாயிற்றுக்கிழமை மைக்கில் சொல்ல இருந்ததை, சுகிர்தபாய் வியாழக்கிழமையே மைக் இல்லாமல் சொல்லிவிட்டுப் போனாள்!