ஒலிபெருக்கி மருமகள்

"அத்தை! தண்ணி கொதிக்குது, கைய வெச்சிடாதீங்க!"

வருடத்தின் கடைசி நாளும் அந்த வீட்டில் மருமகளின் இந்தக் கத்தலோடுதான் விடிந்தது. அக்கம்பக்கத்தில் அவளுக்கு 'ஒலிபெருக்கி' என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை.

கூடத்தில் நாத்தனார் முகத்தைச் சுளித்தாள். ஒவ்வொரு வருடக் கடைசியிலும் அண்ணன் வீட்டுக்கு வந்து, அவனோடு உட்கார்ந்து போன வருடத்தை அலசுவது அவள் வழக்கம்.

"இந்த வருஷம் எப்படிப் போச்சுண்ணா?"

அண்ணன் பஸ் டிப்போவில் மெக்கானிக். நாளெல்லாம் இரைச்சலில் நிற்கிறவன், வீட்டுச் சத்தத்துக்குத் தலை குனிந்தான். "வருஷம் பூரா இந்தக் கத்தல்தான். தெருவுல தலைகாட்ட முடியல."

"அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன். இந்த வருஷத்தோட இது முடியட்டும்."

சமையலறையில் இருந்தவளுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. அவள் காதில்தான் ஒரு குறையும் இல்லையே... வருடம் பிறந்த புதிதில் மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகை இன்னும் நெஞ்சில் நின்றது.

"பக்கத்துல நின்னு கத்தினாதாண்டி எனக்குக் கேக்குது. டெலிபோன் ஆபீஸ்ல இந்தக் காத வெச்சுத்தான் ரெண்டு பிள்ளைங்களையும் ஆளாக்கினேன். அது போச்சுன்னு அதுங்களுக்குத் தெரியவே கூடாது..."

அன்று வாக்குக் கொடுத்தாள். அதன்பின் அவள் நாட்களெல்லாம் கத்தலாகவே கழிந்தன. மாத்திரையை நினைவுபடுத்தினால் மிரட்டல் என்றார்கள். இன்னும் கொஞ்சம் சாப்பிடச் சொன்னால் விரட்டல் என்றார்கள். மாமியாரைச் சிரிக்க வைக்கப் பக்கத்து வீட்டுக் கதையைச் சொன்னால், அது பக்கத்து வீட்டுக்கே கேட்டுத் தொலைத்தது. கணவன் அவளிடம் பேச்சையே குறைத்துக்கொண்டான். ஒரு வார்த்தை சொன்னால் கெட்ட பெயர் போய்விடும். ஆனால் சொல்வதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதற்காக, காது கேளாதவளை விவரம் தெரியாதவர்களிடம் அனுப்பிவிடவும் அவள் தயாராக இல்லை.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். "அத்தை எங்கயும் வரமாட்டாங்க."

"அதைச் சொல்ல நீங்க யாரு அண்ணி? பெத்த பொண்ணு கூப்பிடறேன். நாள் பூரா அவங்கள விரட்டு விரட்டுன்னு விரட்டிட்டு..."

"என்ன வேணாலும் சொல்லிக்கம்மா. நான் அனுப்பமாட்டேன்."

"அப்ப ஏன் கத்தறேன்னு சொல்லிடேன்," என்றான் கணவன். குரல் உடைந்திருந்தது. "ஒரு காரணம் சொல்லு. நான் நம்பறேன்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "சொல்றதுக்கில்லைங்க..."

நாத்தனார், கூடத்து ஓரத்தில் இருந்த தாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, குரலைக் குழைத்துக் கேட்டாள். "அம்மா... என்கூட வந்துடறியா? உன்ன ஒரு சொல்லு சொல்லாம வெச்சுக்கறேன்."

மாமியார் மகளின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். பலமாகத் தலையாட்டினாள்.

"பாத்துக்குங்க," என்று எழுந்த நாத்தனார், பீரோவைத் திறந்து தாயின் துணிகளைப் பெட்டியில் அடுக்கினாள். மெக்கானிக் பெட்டியைத் தூக்கினான். மருமகள் விடுவிடுவென்று போய் வாசற்கதவை மறித்து நின்றாள்.

மாமியார் பெட்டியைப் பார்த்தாள். எல்லார் முகத்தையும் பார்த்தாள்.

"யாரு ஊருக்குப் போறா?"

நாத்தனார் தாயின் பக்கம் திரும்பினாள்.

"நீதானேம்மா... இப்பதானே சரின்னு தலையாட்டின?" என்றாள் மகள்.

மாமியார் வழக்கம்போல மருமகளைத் திரும்பிப் பார்த்தாள், அவள் எடுத்துச் சொல்வாள் என்று. எடுத்துச் சொன்னால் குட்டு உடைந்துவிடும். மருமகள் வாயைத் திறக்கவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, கதவிலிருந்து மட்டும் கையை எடுக்கவில்லை. மாமியாருக்குப் புரிந்துவிட்டது.

"இவள அழவெச்சிட்டீங்களா? எனக்குக் காது போயி ஒரு வருஷம் ஆச்சு. உங்க முன்னாடி என் மானத்தக் காப்பாத்திக்க, இவ மானத்த வாங்கிட்டேன்..."

மெக்கானிக் பெட்டியைக் கீழே வைத்தான். "தினமும் உன் பக்கத்துல உக்காந்து பேசினேனேம்மா..."

மகன் சொல்வதை அவன் உதட்டில் பார்த்து ஊகித்தாள் தாய். "நீ வாயசைப்ப, நான் தலையாட்டுவேன். வருஷம் பூரா என்கிட்ட பேசினது இவ ஒருத்திதான்."

"அண்ணி... மன்னிச்சிடுங்க அண்ணி..." நாத்தனார் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு விம்மினாள். அவள் நாத்தனாரின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு தோளைப் பிடித்துத் தாயின் பக்கம் திருப்பினாள்.

"என்கிட்ட எதுக்கு? எனக்குத்தான் எல்லாம் கேட்டுச்சே. அங்க போய்ப் பேசுங்க. ரெண்டு பேரும் பேசுங்க. தெருவுக்கே கேட்டாலும் பரவாயில்ல."

மெக்கானிக் தாயின் முன்னால் மண்டியிட்டான். அவள் காதருகே குனிந்து, தொண்டை கிழியக் கூப்பிட்டான்.

"அம்மா!"

"என்னடா கண்ணு?" என்றாள் அவள்.