ஆறு பத்துக்கு ஒரு கையெழுத்து

காலை ஒன்பது ஐந்து.

மூன்றாவது மாடி வரைபட அறையிலிருந்து அந்த அலறல் கேட்டது!

அலறியவர் செக்யூரிட்டி ஆபீசர். ஆறடி உயரம், அரையடி மீசை. கம்பெனியின் தைரியத்தை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்தவர்.

ஃபைலக்கா ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள்.

இரும்பு அலமாரிக்கும் மேஜைக்கும் நடுவில் பூட்டு சார் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம் உறைந்து கறுத்திருந்தது. பக்கத்தில் பேப்பரில் ஓட்டை போடும் கனத்த இரும்பு மெஷின்.

ராணுவத்துக்குத் தளவாடம் செய்து தரும் பெரிய கம்பெனி அது. ஓர் ஊரையே தரைமட்டமாக்கும் சாமான்கள் கீழ்த்தளத்தில் வரிசையாக நிற்க, கொலைகாரன் கைக்கு அகப்பட்டது அந்த ஓட்டை மெஷின்தான்!

பூட்டு சார் வரைபட அறைக்குப் பொறுப்பாளர். இருபது வருஷம் சாவிக்கொத்தோடு திரிந்ததில் சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துவிட்டது. ஃபைலக்கா அவருக்குக் கீழே பதினோரு வருஷமாக வரைபடங்களை அடுக்குகிறாள். எதன் வரைபடம்... பறக்குமா, மிதக்குமா, வெடிக்குமா... அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அனுமதியும் கிடையாது.

அலமாரி திறந்திருந்தது. ஒரு சுருளைக் காணவில்லை.

இன்ஸ்பெக்டர் பத்து மணிக்குக் கேட்டுக்கு வந்தார். பதினொன்றேகாலுக்கு மாடிக்கு வந்தார்.

"என் துப்பாக்கியைக் கேட்லயே பிடுங்கி வெச்சுக்கிட்டாங்க."

"ஆயுதத்தோட உள்ள விடக்கூடாதுன்னு ரூல் சார்" என்றார் செக்யூரிட்டி ஆபீசர்.

"நீங்க செய்யறதே ஆயுதம்தானேய்யா?"

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல சார்."

"கேட்ல கார்டு தேய்க்கிற மெஷின் இருக்கே... நேத்து யார் எப்போ வெளிய போனாங்கன்னு அதுல பார்க்கலாமில்ல?"

"ரெண்டு மாசமா ரிப்பேர் சார்."

"சரி பண்றதுக்கென்ன?"

"மெக்கானிக்கை உள்ள விட அனுமதி வரல சார்."

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினார். கதவில் ஒட்டியிருந்த ஸ்லிப் கண்ணில் பட்டது. உரித்தெடுத்து வாசித்தார்.

"'நேரம் மாலை 6.10. அறையைச் சோதித்தேன். உள்ளே யாரும் இல்லை. பூட்டினேன்.' நேத்துத் தேதி... யார் கையெழுத்து இது?"

ஃபைலக்கா ஸ்லிப்பை எட்டிப் பார்த்தாள்.

"என்னோடதுதான் சார்."

"அப்ப பூட்டு சாரைக் கடைசியா பார்த்தது நீங்க. இல்லேன்னா..."

முடிக்காமல் அவளையே பார்த்தார்.

அறையைச் சோதித்துப் பூட்டுவது நான்கு பேருக்கு முறை வைத்து வரும் வேலை. நேற்று அவள் முறை. ஆனால் நேற்று ஐந்து மணிக்கே மகளைப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த உண்மையைச் சொன்னால் பாதுகாப்பு விதியை மீறிய குற்றம். வேலை போகும். மூன்று வருஷம் கம்பி எண்ண வேண்டும். சொல்லாவிட்டால் கொலைப்பழி!

"சார்... நான் ஒண்ணு சொல்லலாமா?"

குரல் கொடுத்தவன் 'உத்தமர்'. ஆபீஸ் வைத்த பட்டப்பெயர். வேலைக்குச் சேர்ந்து நாலே மாதம். இந்த மாதத்துச் சிறந்த ஊழியர் என்று கேன்டீன் சுவரில் அவன் போட்டோ சிரித்துக்கொண்டிருக்கிறது. எந்தச் சர்க்குலர் வந்தாலும் கடைசி வரி வரை படிப்பவன். அவன் வரும்போது மற்றவர்கள் அரட்டையை நிறுத்திவிடுவார்கள்.

"மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா உண்மையை மறைக்கக் கூடாதில்ல சார்? நேத்து ஆறு பத்துக்கு இந்தப் பக்கமா வந்தேன். அக்கா இதே கதவுல ஸ்லிப்பை வெச்சுக் கையெழுத்துப் போட்டுக்கிட்டிருந்தாங்க. கை நடுங்கிக்கிட்டிருந்துச்சு."

"கண்ணால பார்த்தீங்களா?"

"ரெண்டு கண்ணாலயும் சார். எழுதி முடிச்சு ஒட்டினதைக்கூடப் பார்த்தேன்."

ஃபைலக்கா மெல்ல நிமிர்ந்தாள்.

"நான் எழுதினதைப் பார்த்தியா தம்பி? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"ஆமாக்கா. மன்னிச்சுக்குங்க."

மூன்று வருஷமா... தூக்கா... அவள் மனசுக்குள் கணக்குப் போட அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"சார், பூட்டு சார் மேஜையில இடது பக்கம் அடி டிராயரைத் திறங்க."

செக்யூரிட்டி ஆபீசரின் மீசை தொங்கியது.

"அக்கா, வேணாம்க்கா... எல்லாரும் மாட்டிப்போம். சார், அந்த டிராயரைத் திறக்க அனுமதி..."

"தள்ளுய்யா" என்றார் இன்ஸ்பெக்டர்.

உள்ளே ரப்பர் பேண்டு போட்ட ஸ்லிப் கட்டு. ஒவ்வொன்றாகப் புரட்டினார். புருவம் ஏறிக்கொண்டே போனது.

"இது நாளைக்குத் தேதி... ஆறு பத்து, உள்ளே யாரும் இல்லை. இது நாளன்னைக்கு. இது... அட, செத்தவர் கையெழுத்து. வர்ற வெள்ளிக்கிழமை தானே வந்து பூட்டினதா எழுதி வெச்சிருக்காரு."

"ஒண்ணாம் தேதி காபி குடிச்சுக்கிட்டே மாசம் பூராவுக்கும் போட்டுடுவோம் சார். பூட்டு சார் தினம் வீட்டுக்குக் கிளம்பறப்ப ஒண்ணை உருவிக் கதவுல ஒட்டிட்டுப் போவாரு. பதினோரு வருஷத்துல அந்தக் கதவுக்கிட்ட நின்னு ஒரு தடவைகூட நான் கையெழுத்துப் போட்டதில்ல. நேத்து ஆறு பத்துக்கு நான் பல் டாக்டர்கிட்ட இருந்தேன். என் பொண்ணு அவர் விரலைக் கடிச்சு வெச்சுட்டா. போன் பண்ணிக் கேளுங்க, சாகற வரைக்கும் மறக்க மாட்டாரு."

"இவருக்கு இந்த ஸ்லிப் விஷயம் தெரியாதா?"

"உத்தமருக்கு யார் சார் சொல்றது? மேலிடத்துல போட்டுக் குடுத்துடுவாருன்னு பயம். இவர் முறை வந்தா நிஜமாவே வந்து நின்னு, பூட்டைத் தடவித் தடவிப் பார்த்து, அப்புறம்தான் கையெழுத்துப் போடுவாரு."

உத்தமர் பக்கம் திரும்பினாள்.

"இந்த பில்டிங்ல எல்லா ரூலையும் படிச்ச ஒரே ஆள். அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும் சார். சம்பளத்துக்கு வர்றவன் எவனும் அதைப் படிக்க மாட்டான்."

உத்தமர் ஓடினான்!

மாடிப்படிக் கதவு வரைக்கும் ஓடினான். அது பூட்டியிருந்தது. சாவி பூட்டு சாரின் இடுப்பில் இருந்தது.

கன்னத்தில் விழுந்த ரெண்டு அறையில் எல்லாவற்றையும் கக்கிவிட்டான். போட்டிக் கம்பெனி அனுப்பிய ஆள். பூட்டைத் தடவிப் பார்த்த லட்சணத்தில் மெழுகில் அச்செடுத்துக் கள்ளச்சாவி செய்திருக்கிறான். நேற்று ஆறரைக்கு அலமாரியைத் திறந்தபோது, மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியை எடுக்கப் பூட்டு சார் திரும்பி வந்திருக்கிறார்... கதவில் இருந்த ஸ்லிப்பைப் பார்த்து, பழியை ஃபைலக்கா தலையில் கட்டிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறான்.

வரைபடம் அவன் வீட்டு மெத்தைக்கு அடியில் கிடைத்தது. அதை வெளியே எடுத்துச் செல்லும் படிவமும் கூடவே இருந்தது. மூன்று பிரதி. பழக்கதோஷம்!

மாலை நாலு மணி. டைரக்டர் அறை.

"கொலைகாரனைப் பிடிச்சுக் குடுத்ததெல்லாம் சரிம்மா. ஆனா விதியை மீறினது மீறினதுதான். உங்களைப் போலீஸ்ல ஒப்படைக்கிறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல."

"சரிங்க சார்" என்றாள் ஃபைலக்கா. "அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். அதே டிராயர்ல சின்னதா இன்னொரு கட்டு இருந்துச்சு. பூட்டு சார் தனியா வெச்சிருந்தது. இன்ஸ்பெக்டர்கிட்டக் குடுத்துடலாமா?"

மேஜைமேல் வைத்தாள்.

டைரக்டர் மேலே இருந்த ஸ்லிப்பை வாசித்தார். 'மாதாந்திர நேரடி ஆய்வு. நானே வந்து பார்த்தேன். பாதுகாப்பில் குறை ஒன்றும் இல்லை.' கீழே அவருடைய கையெழுத்து. தேதி... அடுத்த வருஷம் டிசம்பர்.

டைரக்டர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். இன்னொரு டம்ளரும் குடித்தார்.

ஐந்து மணிக்குக் கேன்டீன் சுவரில் உத்தமரின் போட்டோ இறங்கியது. ஃபைலக்காவின் போட்டோ ஏறியது.

டைரக்டரின் செகரட்டரி ஒரு தாளை நீட்டினாள்.

"'மாதத்தின் சிறந்த ஊழியர் விருது பெற்றுக்கொண்டேன்.' இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா."

போட்டாள். அடியில் அதே மாதிரி இன்னும் பதினோரு தாள்கள்.

"இதெல்லாம் என்னம்மா?"

"வர்ற பதினோரு மாசத்துக்கும் சேர்த்துக் குடுத்துடச் சொன்னார் டைரக்டர்."

ஃபைலக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள்.

"அதுக்கென்ன, போட்டுடலாம். நேரம் ஆறு பத்துதானே?"