தேயிலை ரின்னில் திருநீறு

மாலை ஆறு மணி பத்து நிமிடம். ஒன்ராறியோ ஏரிக்கரையில், ரூஜில் இருந்த வீட்டின் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கீதன் அந்தத் தகரத் தேயிலை ரின்னைத் திறந்தான். மறுநாள் காலையில் அவனுக்குக் கொழும்பு விமானம். ரின்னுக்குள் இருக்கும் அப்பாவின் அஸ்தியைப் பட்டுத்துணியில் முடிந்து கைப்பையில் வைத்துவிட்டால் ஆயத்தம் முடிந்துவிடும். மூடியைத் திறந்ததும் கோயில் மணம் வந்தது. உள்ளே இருந்தது அஸ்தி அல்ல. பால்போல வெளுத்த திருநீறு.

அவன் தாய் குணவதி கத்தவில்லை. ரின்னை வாங்கி மூடினாள். திரும்பத் திறந்து பார்த்தாள். பிறகு கதிரையில் சரிந்துவிட்டாள்.

ஆறே முக்காலுக்கு வேதவல்லி வந்தாள். கும்பகோணத்துக்காரி, மூலை வீட்டில் தனியாக இருப்பவள். இன்சூரன்ஸ் கம்பனியில் பொய் விண்ணப்பம் பிடிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இடுப்பு உடைந்ததாக எழுதிக்கொடுத்துவிட்டுக் கலியாண வீட்டில் ஆடியவர்கள் எத்தனையோ பேர் அவளிடம் மாட்டியிருக்கிறார்கள். தெருவில் யாருடைய பார்சல் தொலைந்தாலும் கூப்பிடுமுன்பே செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பாள். இன்றைக்கு அந்தத் துள்ளல் இல்லை. செத்துப்போன கீதனின் அப்பா இராஜரட்ணம் அவளுக்கும் நல்ல அயலவர்.

திருநீற்றை விரலில் தேய்த்துப் பார்த்தாள். மாவுபோல வழுக்கியது. எலும்புத்துகள் ஒன்றுகூட இல்லை.

"டின்னோட தூக்கிட்டுப் போறவன் திருடன். உள்ள திருநீறு நிரப்பி வச்சிட்டுப் போனவங்க திருடன் இல்ல. உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சு, அதுக்கு மரியாதையும் குடுத்திருக்காங்க. யாருக்கெல்லாம் தெரியும்?"

"எங்கட ஆக்களுக்கு மட்டும்தான்" என்றாள் குணவதி.

கதை இதுதான். இராஜரட்ணம் உயிரோடு இருந்தபோதே அயர்லாந்து சுற்றுலாவுக்குப் பதிந்து வைத்திருந்தார். மனைவிக்கு, மகள் நிலக்சிக்கு, தம்பி அன்புராசாவுக்கு என்று எல்லோருக்கும் சேர்த்துத்தான். காணிச் சண்டையில் பல வருடம் பேசாமல் இருந்த தம்பியோடு நோயில் விழுந்த பிறகு ராசியாகியிருந்தார். குணவதி ராசியாகவில்லை. போன வசந்தத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். அஸ்தியின் பெரும்பகுதியை அப்போதே ஒன்ராறியோ ஏரியில் கரைத்துவிட்டார்கள். மிச்சத்தை ஊரில், கீரிமலைக் கடலில் கரைக்க என்று குணவதி பிடிவாதமாக எடுத்து வைத்தாள். ஒக்ரோபரில் சுற்றுலாவுக்குப் புறப்பட்டபோது மனிதரைத் தனியே விட்டுப்போக மனமில்லாமல் ரின்னையும் கைப்பையில் கொண்டுபோனாள். கீதன் மட்டும் போகவில்லை. திரும்பி வந்த நாளிலிருந்து ரின் அவளுடைய பூட்டிய அலுமாரிக்குள் இருந்தது.

"பஸ்ல போறப்ப பை உங்க கையவிட்டுப் போச்சா?"

"ஒரே ஒரு நாள். மலை விளிம்பு பாக்கப் போன நாள். போன நேரம் முழுக்க மழை, அண்டைக்கு மட்டும்தான் வெளிச்சிருந்தது. உந்தக் கைட் பொடியன், குடையெல்லாம் பஸ்ஸுக்கையே கிடக்கட்டும், இண்டைக்குத் தேவைப்படாது எண்டு பகிடி விட்டவன். அவன் சொன்னது சரி, பொழுதுபடுமட்டும் ஒரு துளி விழேல்லை. நானும் குடையோட சேத்துப் பையை சீற்றில வைச்சிட்டன்."

"மலை பார்த்த பிறகு?"

"ஒரு மீன்பிடித் துறையில சாப்பாட்டுக்கு நிப்பாட்டினவங்கள். எனக்கு ஒண்டும் இறங்கேல்லை. ஆட்டுப்பட்டியும் கல்லு வேலியுமாய்ப் பாக்கப் பாக்க மனம் செத்துப் போச்சு. உவர் அன்புராசா இருக்கிறாரே, பஸ் நிண்ட உடன முதல் ஆளாய்ப் போய் இருந்து ரெண்டு கோப்பை உருளைக்கிழங்கு சூப் குடிச்சவர். என்ர கண்ணுக்கு முன்னால. தமையன் செத்த கவலையே உது?"

"நிலக்சி?"

"அவள் வேலையிலயிருந்து ரெலிபோன் கோல் எண்டு துறைப்பக்கம் போனவள். சாப்பாடு முடியத்தான் வந்தாள். தலையால தண்ணி வடியுது. என்ர சால்வையால துவட்டி விட்டனான். இரவே தடிமன். பொல்லாத மழை அந்த ஊர் மழை."

வேதவல்லி மாடிக்கு ஏறினாள்.

நிலக்சி கட்டிலில் இருந்தாள். முப்பது வயது. தகப்பனின் கடைசி மாதங்களில் வேலைக்கு லீவு போட்டுக் கூடவே கிடந்தவள்.

"மலை பார்த்த அன்னிக்கு உனக்குச் சளி பிடிச்சிச்சாமே?"

"ஓம் அன்ரி. சரியான மழை. ஹூட் இல்லாத ஜக்கெற் போட்டிருந்தன்."

"டின்ன யாரு தொட்டிருப்பாங்க?"

"ஐ டோன்ற் நோ அன்ரி" என்று யன்னலைப் பார்த்தாள்.

ஏழரைக்கு அஜின்கோர்ட்டிலிருந்து அன்புராசா வந்தார். கோயிலில் மாலை கட்டும் மனிதர். எங்கே போனாலும் ஒரு பை திருநீறு கொண்டு திரிந்து, கேட்டவருக்கும் கேளாதவருக்கும் கொடுப்பவர். கீதன் அவரை உள்ளே வாங்கோ என்றுகூடச் சொல்லவில்லை.

"இது யார் திருநீறு?" என்று கேட்டாள் வேதவல்லி.

முகர்ந்து பார்த்தார். "என்ர."

"எப்படி இதுக்குள்ள வந்துச்சு?"

மாடிப்படியில் இறங்கி வந்த நிலக்சியை ஒருமுறை பார்த்தார். "நான்தான் வைச்சனான்."

"அஸ்தி?"

"கடலில விட்டிட்டன்."

"எப்போ?"

"அந்தத் துறையில. பஸ் நிண்ட உடன, சாப்பாட்டுக்கு முந்தி."

கீதன் கதவைத் திறந்து பிடித்தான். "வெளிய போங்கோ. உங்களை நம்பி அப்பா திரும்பச் சேர்த்தார். இனி இந்த வீட்டு வாசலுக்கு வரக்கூடாது."

அன்புராசா குனிந்து வாசலில் கழற்றி வைத்த சப்பாத்தை எடுத்தார்.

"கதவ மூடு கீதன். அவரு பொய் சொல்றாரு" என்றாள் வேதவல்லி. "பஸ் நின்ன உடனே அவரு சூப்புக்கு முன்னால உட்கார்ந்திருந்தாரு. சொன்னது உங்கம்மா, அவருக்குச் சாதகமா ஒரு வார்த்தை சொல்லாதவங்க. அவரே கரைச்சிருந்தாலும், கோயில்ல பூ கட்டுற மனுஷன் அஸ்தி விட்ட கையோட, தலை முழுகாம, சாப்பாட்டுல கை வைப்பாரா?"

வேதவல்லி குணவதியின் பக்கம் திரும்பினாள்.

"கரைச்சவங்க தலை முழுகியிருக்கணும். அன்னிக்குத் தலை நனைஞ்சு வந்தது ஒரே ஒருத்தர். நிலக்சி மழைங்கிறா. அன்னிக்கு மழையே இல்ல. இல்லாததாலதான் குடை பஸ்ஸுல கிடந்துச்சு, குடையோட பையும் கிடந்துச்சு. உங்களுக்கு அயர்லாந்துன்னாலே மழைதான் ஞாபகம். அதான் அந்த ஈரத் தலை யாருக்கும் உறுத்தல."

சொல்லி முடித்ததும் அவளுக்கு வாய் கசந்தது. பொய் விண்ணப்பக்காரனைப் பிடித்தபோது வரும் சந்தோசம் வரவில்லை.

நிலக்சி கடைசிப் படியிலேயே இருந்துவிட்டாள்.

"வாஷ்ரூம் பேசினில தலையை வைச்சுக் கழுவினனான். வேற இடம் இருக்கேல்லை." தாயின் பக்கம் திரும்பினாள். "ஹொஸ்பிற்றலில அப்பா சொன்னவர் அம்மா. அகதியாய் இஞ்ச வரேக்கை மூண்டு எயார்போட்டில பிடிச்சு வைச்சு, போட்டிருந்த சேட்டைக் கழட்டிப் பாத்தவங்களாம். செத்தாப் பிறகு என்னை ஒரு எயார்போட்டுக்கும் கொண்டு போகாதை பிள்ளை, கிட்டடியில எங்கயாவது விடு எண்டவர். அண்ணாட்டச் சொன்னன். அது ஆம்பிளைப் பிள்ளையின்ர அலுவல் எண்டிட்டான். பிறகு நீங்களே அவரை எயார்போட்டுக்கால கொண்டு போனீங்கள். அந்த மெஷினுக்குள்ள ரின் போகேக்கை என்னால பாக்க ஏலாமப் போச்சு. திரும்பியும் அதுக்குள்ள விட மனம் வரேல்லை."

கீதன் கதவுப்பிடியிலிருந்து கையை எடுத்தான். அப்படிச் சொன்னது அவனுக்கு ஞாபகம் இருந்தது.

"பிள்ளை முதல்நாள் இரவு திருநீறு கேட்டது" என்றார் அன்புராசா. "பையோட குடுத்தன். ஏன் எண்டு கேக்கேல்லை. இண்டைக்கு ரின்னைக் கண்டாப் பிறகுதான் விளங்கினது."

குணவதி எழுந்து போனாள். அவர் கையில் இருந்த சப்பாத்தை வாங்கித் திரும்ப வாசலில் வைத்தாள். "இருங்கோ. சாப்பிட்டிட்டுப் போகலாம்" என்றாள். இத்தனை வருடத்தில் அவரோடு நேரே பேசிய முதல் வார்த்தை அது. பிறகு மகளின் பக்கத்தில் படியில் இருந்தாள். அடிப்பாள் என்றுதான் வேதவல்லி நினைத்தாள். அடிக்கவில்லை.

"தண்ணி எப்பிடி இருந்தது?"

"எந்தத் தண்ணி அம்மா?"

"கடல் தண்ணி. கையை விட்டுப் பாத்தனியே?"

நிலக்சி தலையாட்டினாள். "ஐஸ் மாதிரி."

"இஞ்ச ஏரியில விட்ட அண்டைக்கும் கரையில ஐஸ் கிடந்தது" என்றாள் குணவதி. "முப்பது வருசம் குளிருது குளிருது எண்டு போர்வைக்குள்ளயே கிடந்த மனிசன். இந்தக் கொஞ்சத்தையாவது கீரிமலையின்ர சூடான தண்ணியில விடுவம் எண்டுதானடி எடுத்து வைச்சனான்."