சிதறியதைச் சேர்க்கும் வேலை

பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்க் டக்கென்றது. சற்றுப் பொறுத்து, சாத்திக் கிடந்த பக்கத்து அறையிலும் ஒரு டக். மழை ஒழுகுகிறது போல என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அது அவருடைய சின்ன மகனின் கம்ப்யூட்டர். கல் உடைக்கிற ஆலையில் எந்திரம் அவனை இழுத்துக்கொண்ட பிறகு, கிடைத்ததை மட்டும் துணியில் கட்டிப் புதைத்தார்கள். மிஞ்சியது அவன் சிரித்துப் பேசும் ஒரே ஒரு வீடியோ. அதைப் பார்த்தால்தான் அவன் அம்மாவுக்குச் சோறு இறங்கும். இப்போது அது லேசில் திறப்பதில்லை. திறந்தாலும், பிள்ளை வாயைத் திறந்தபடி பாதியில் நின்றுவிடுகிறான்.

குடோனில் மூட்டை தூக்குகிற அவருக்கு இதெல்லாம் என்ன தெரியும்? போனில் கேட்டதற்கு ரிப்பேர்க்காரன் சிரித்தான்.

"அண்ணே, உங்க மூட்டையெல்லாம் மூலைக்கொண்ணா கிடந்தா லாரி எப்ப கிளம்பும்? டிஸ்க்குலயும் அதான் கதை. துண்டு துண்டா சிதறிக் கிடக்கு. ஒண்ணு சேர்க்க விடுங்க. நடுவுல மட்டும் பிளக்கப் பிடுங்கிடாதீங்க, பிடுங்கினா வீடியோ போனது போனதுதான்."

எங்கே அமுக்க வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தான்.

மதியம் தொடங்கிய வேலை. திரையில் நீலக் கோடு எறும்பாய் நகர, அறைச் சத்தமும் கூடவே வந்தது. அது ஒழுகல் இல்லை. ஈரச் சாக்கைத் தரையோடு இழுத்துவந்து இன்னொரு சாக்கின் மேல் வைத்து அழுத்துகிற சத்தம். கதவிடுக்கில் கல்தூசி வாசம், அதற்கடியில் கறிக்கடை வாசம். இங்கே கோடு நகர்ந்தால் அங்கே ஓர் இழுப்பு.

அவர் கை பிளக்குக்குப் போனது. நின்றது. பிடுங்கினால் பிள்ளையின் முகம் போய்விடும். பின்னாலேயே அவன் அம்மாவும் போய்விடுவாள். ஏற்றத் தொடங்கிய லோடைப் பாதியில் விட்டுப் பழக்கமும் இல்லை.

அடுப்படியை எட்டிப் பார்த்தார். அவள் இல்லை.

"ஏ, எங்க இருக்க?"

அறைக்குள்ளிருந்து பதில் வந்தது. இத்தனை மாதமாய் அவள் குரலில் இல்லாத இதம்.

"இங்கதாங்க. அத நிறுத்திடாதீங்க. இன்னும் ஒரு கைதான் வரணும்."

டக்.

அறையில் சத்தமில்லை.

மேசைக்கடியில் ஏதோ அசைந்தது. பாதத்தின் மேல் ஈரம். ஐந்து விரல்கள். அவரைத் தாண்டி, தரையைப் பற்றிப் பற்றி, அறைப் பக்கம் ஊர்ந்தன.

கதவு உள்ளிருந்து மெல்லத் திறந்தது.