இந்த இரைச்சல் எந்த ஊர்?

செல்போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் சங்கவியின் மேஜை மேல் கிடந்தது அது. தமிழ்மணியின் போன். திரையில் 'கலைமதி' என்ற பெயர் மின்னி மின்னி மறைந்தது.

"மேடம்... என் சம்சாரம் மேடம். வலி எடுத்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில சேர்த்துக்கீறாங்க. ஒரே ஒரு வார்த்தை பேசிக்கறேன்."

"கொலைக் கேஸ்ல உக்காந்துக்கினு குடும்பக் கதை பேசாத."

போன் அலறி ஓய்ந்தது.

இப்போது அந்த அறையில் ஒரே ஒரு சத்தம்தான். ஏ.சி.க்குக் கீழே இருந்த கிழட்டு ஸ்டெபிலைசர் 'ம்ம்ம்ம்' என்று முனகிக்கொண்டிருந்தது.

தமிழ்மணி போனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளை முகத்தைக்கூடப் பார்க்காமல் ஜெயிலுக்குப் போகப் போகிறான். செய்யாத கொலைக்கு!

செத்தவன் கிதார்க்காரன் இனியவன். நேற்றுக் காலை, விழுப்புரத்தில் தன் மாடி அறையில், மண்டை உடைந்து கிடந்தான். கதவைத் தள்ளிப் பிணத்தை முதலில் பார்த்தவன் தமிழ்மணி. அலறிக்கொண்டு படியிறங்கி ஓடியதைத் தெருவே பார்த்தது. அப்புறம் போலீஸ் சும்மா விடுமா?

"உனக்கும் அவனுக்கும் என்ன தகராறு?" சங்கவி கேட்டாள்.

"அவர்கிட்ட ஒரு பழைய ப்ரீஆம்ப் பெட்டி இருந்துச்சு மேடம். கிதார் வயரை அதுல சொருகினா சத்தம் கனமா, சூடா வரும். நான் அந்தச் சத்தத்தை அப்படியே நகல் எடுத்து ஒரு சாப்ட்வேர் பண்ணேன். ரெக்கார்டிங்ல பெட்டியே தேவையில்ல. மௌஸைத் தட்டினா போதும்."

"திருட்டு வேலை."

"அவரும் அதான் சொன்னாரு. பொம்மையார்பாளையம் கச்சேரியில எல்லார் எதிர்லயும் அறைஞ்சிட்டாரு."

"அந்த ஆத்திரத்துல போட்டுத் தள்ளிட்ட."

"ஐயோ, இல்ல மேடம். 'புள்ள பொறக்கற நேரம், ஒருத்தர் வயித்தெரிச்சல் நமக்கு வேணாம், போய் மன்னிப்பு கேளு'ன்னு கலைமதிதான் அனுப்பிச்சா. நான் போனப்பவே அவரு செத்துக் கிடந்தாரு."

சங்கவி நம்பிய மாதிரியே தெரியவில்லை.

அப்போதுதான் வல்லரசு உள்ளே வந்தான்.

திண்டிவனத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பவன். இனியவனுக்கு நெருங்கிய கூட்டாளி. ஒரு கையில் அந்த ப்ரீஆம்ப் பெட்டி. மறு கையில் பென் டிரைவ். கண்கள் மட்டும் அழுத மாதிரி சிவந்திருந்தன.

"நேத்து காலையில நீங்க எங்க இருந்தீங்க சார்? கேக்க வேண்டியது என் வேலை."

"தாராளமா கேளுங்க மேடம். திண்டிவனத்துல என் ஸ்டுடியோவுல கிதார் வாசிச்சு ரெக்கார்ட் பண்ணிக்கினு இருந்தேன். பக்கத்து டெய்லர் பச்சைமுத்து பூரா நேரமும் கேட்டுக்கினு இருந்தாரு. இந்த பென் டிரைவ்ல இருக்கற ரெக்கார்டிங் பைல்லயும் டைம் இருக்கு."

"பெட்டி எப்படி உங்ககிட்ட?"

"முந்தாநாளே என்கிட்ட வச்சிட்டுப் போயிட்டான் மேடம். நேத்து வாசிச்சதே இதுலதான். சாப்ட்வேர் கீப்ட்வேர்லாம் நான் தொடவே மாட்டேன். அதெல்லாம் இந்தத் திருட்டுப் பய வேலை."

பந்தோபஸ்து அறிவிப்புக்கு வைத்திருந்த பெரிய ஸ்பீக்கரை ஏட்டு பாண்டுரங்கன் தூக்கி வந்தார். பென் டிரைவைச் சொருகினார்கள்.

முதலில் லேசான இரைச்சல்... பிறகு கிதார்.

"போதும்" என்றாள் சங்கவி. "பாண்டுரங்கன், ஜீப்பை எடுங்க. இவனைக் கோர்ட்டுக்குக் கூட்டிக்கினு போகணும்."

போன் மறுபடி அலறியது. கலைமதி!

யாரும் எடுக்கவில்லை.

தமிழ்மணி நாற்காலியிலிருந்து சரிந்து சங்கவியின் காலைப் பிடித்துக்கொண்டான்.

"மேடம், உங்களுக்குப் புண்ணியமாப் போவும். அந்தப் பாட்டோட ஆரம்பத்தை மட்டும் இன்னொரு வாட்டி போடுங்க. அப்புறம் தூக்குலயே போடுங்க, கேக்க மாட்டேன்."

"நேரத்தை வீணாக்கறான் மேடம்" என்றான் வல்லரசு. கொஞ்சம் அவசரமாகவே சொன்னான்.

அந்த அவசரம் சங்கவிக்குப் பிடிக்கவில்லை.

"போடுங்க பாண்டுரங்கன். கிதார் வர்றதுக்கு முன்னாடியே நிறுத்துங்க."

இரைச்சல் மட்டும் அறையை நிறைத்தது.

"இப்ப இந்த ஸ்டெபிலைசரைக் கேளுங்க மேடம். ரெண்டும் ஒரே சுதியா?"

சங்கவி குனிந்து காதைக் கொடுத்தாள். மறுபடி ஸ்பீக்கரைக் கேட்டாள்.

"இல்ல. ஸ்பீக்கர்ல இருக்கறது ஒரு படி உசரத்துல இருக்கு."

"இப்ப அந்தப் பெட்டியை இங்க சுவத்துல சொருகிப் பாருங்க மேடம்."

சொருகினார்கள். ஸ்பீக்கரில் இணைத்தார்கள். பெட்டி முனகியது. ஸ்டெபிலைசரின் அதே சுதி! ஒட்டிப் பிறந்த மாதிரி.

தமிழ்மணி எழுந்து நின்றான்.

"இது நம்ம ஊர் கரண்ட்டோட இரைச்சல் மேடம். நம்ம ஊர்ல எந்த சுவத்துல சொருகினாலும் இதே சுதிதான். அமெரிக்காவுல கரண்ட் துடிக்கற வேகமே வேற, அதனால இரைச்சலும் உசரம். என் சாப்ட்வேரை வாங்கறதெல்லாம் அந்த ஊர்க்காரங்கதான். அதனால அவங்க ஊர் இரைச்சலை உள்ள வச்சேன். இவரு பாட்டுல கேக்கறது அதான்."

"இரைச்சலைக் காசு கொடுத்து வாங்குவாங்களா?"

"அது இருந்தாத்தான் நெசப் பெட்டி மாதிரி இருக்குதுன்னு நம்புவாங்க மேடம். நம்ம ஊருக்கு மாத்திக்க ஒரு பட்டன் வச்சிருக்கேன். இவரு அதை அமுக்க மறந்துட்டாரு."

"ஒருவேளை... அப்புறமா... லேசா சாப்ட்வேர்ல ஓட்டியிருப்பேன்" என்று வல்லரசு மென்று விழுங்கினான்.

"தொடவே மாட்டேன்னீங்களே சார்?" சங்கவி எழுந்தாள். "கையில பெட்டி இருக்கறவன் நகலை எதுக்குத் தேடறான்? பெட்டி அப்ப உங்ககிட்ட இல்ல. இனியவன் ரூம்ல இருந்துச்சு. எப்பவோ வாசிச்சு வச்சதை இவன் சாப்ட்வேர்ல ஏத்தி, பச்சைமுத்து காதுல விழற மாதிரி ஸ்பீக்கரைத் திறந்து ஓட விட்டு, ஓடற நேரத்துலயே புது பைலாப் பதிவாகவும் வச்சிட்டு, நீங்க விழுப்புரம் கிளம்பிட்டீங்க. பெட்டி கொலைக்கு அப்புறம்தான் உங்க கைக்கு வந்துச்சு. சரியா?"

வல்லரசு பொத்தென்று நாற்காலியில் விழுந்தான்.

"இனியவன் தனியா ஸ்டுடியோ போடப் போறேன்னான் மேடம்... பெட்டி போயிட்டா என் ஸ்டுடியோவைச் சீந்த ஆள் இல்ல. எவ்வளவோ கெஞ்சினேன்... தரலை."

போன் மூன்றாம் முறையாக அலறியது.

சங்கவியே எடுத்துத் தமிழ்மணியிடம் நீட்டினாள்.

மறுமுனையில் மாமியார் ஜெயம். "மாப்ள, எங்க போய்த் தொலைஞ்சீங்க? பொண்ணு பொறந்துக்கீது. ரெண்டு பேரும் நல்லாக்கீறாங்க."

தமிழ்மணி போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதான். இனியவனிடம் கேட்கப் போன மன்னிப்பு அப்படியே பாக்கி நின்றதை நினைத்தும் அழுதான்.

"பாண்டுரங்கன், கோர்ட்டுக்கு எடுத்த ஜீப்பை முண்டியம்பாக்கத்துக்கு விடுங்க. இவன் புள்ளையைப் பாக்கட்டும்."

வல்லரசுவை உள்ளே தள்ளி லாக்கப் கதவைச் சாத்தினார்கள். அவன் சட்டைக் காலரை விரித்து ஊதிக்கொண்டான்.

"மேடம்... புழுங்குது. இங்க ஃபேன் ஓடலையே."

சங்கவி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"உங்களுக்குத்தான் அமெரிக்காவுல இருந்து நேரா கரண்ட் வருதே சார்... அதுலயே ஓட்டிக்குங்க!"