தொலைந்துபோன சாவி

வயலில் வந்து விழுந்த வைக்கோல் உருளை ஒரு பக்கம் அவிழ்ந்து கிடந்தது. கயிறு சுற்றவே இல்லை. டிராக்டரின் பின்னால் மாட்டி ஓட்டும், வைக்கோலை உருட்டிக் கட்டும் இந்தப் பேலரோடு ஆறு வருடமாக மாரடிக்கும் தம்பி, காலையில்தான் புதுக் கயிறு போட்டிருந்தான்.

பனி இறங்குவதற்குள் மீதி வைக்கோலைக் கட்டியாக வேண்டும். உள்ளே ஏதாவது சிக்கியிருக்கும், பார் என்றான் டிராக்டரில் இருந்த அண்ணன். இன்றைக்கு அவன் பேச்சில் தேன் ஒழுகியது. நிலத்தை விற்கக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று தம்பி சொன்னதிலிருந்து முகம் கொடுத்துப் பேசாதவன், மதியம் தன் சாப்பாட்டில் பாதியை எடுத்து வைத்து, "தம்பி உடையான் படைக்கு அஞ்சான்டா" என்று சிரித்தான். தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது.

பேலருக்குள் நுழைகிறவன் டிராக்டர் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இருவரும் சேர்ந்து போட்ட சட்டம் அது. இன்னொரு சாவியைப் போன அறுவடையில் அண்ணன் வயலில் தொலைத்துவிட்டான். அண்ணன் எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கொடுத்தான்.

"தூக்கின கதவு இறங்காம கொக்கி போட்டியாண்ணே?"

"போட்டாச்சு. நீ போ."

தூக்கி நின்ற பின்கதவுக்கு அடியில் குனிந்து நுழைந்தான். காய்ந்த புல்லும் கிரீசும் கலந்த சூடான வாடை மூக்கில் ஏற, ஆறிக்கொண்டிருந்த இரும்பு எங்கோ டிக், டிக்கென்று முனக, வெளியே அண்ணனின் செருப்பு வைக்கோலை மிதித்து டிராக்டர் பக்கம் நிதானமாகப் போகும் சரசரப்புக் கேட்டது.

கயிறு வரும் துளையைத் துழாவினான். ஒரு குச்சி. பச்சைக் குச்சி. கத்தியால் சீவி, அளவு பார்த்துச் செருகியது.

சாப்பிட்டதும் அண்ணன் குச்சி சீவிக்கொண்டிருந்தான். பல் குத்தவா என்று இவன் கேலிகூடச் செய்தான்.

"அண்ணே?"

டிராக்டரில் கதவை இறக்கும் நெம்புகோல் கிளிக்கென்றது.

முதுகில் விழுந்த வெயில் சுருங்கியது. திரும்பினான். கதவு இறங்கிக்கொண்டிருந்தது. பாய்ந்தான். தோள் நுழையவில்லை. பிறகு கைகூட நுழையவில்லை.

இருட்டு.

பையை அழுத்திப் பார்த்தான். சாவி இருந்தது. சாவி இல்லாமல் ஓடாது. ஓடாது.

வைக்கோல் நுழையும் முன்பக்கச் சந்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். அதில் டிராக்டர் படி. படியில் அண்ணனின் கால். தொங்கிய கையில் ஒரு சாவி. அதில் தம்பியே கட்டிவிட்ட சிவப்புக் கயிறு, ஒரு நாள்கூட மண்ணில் கிடக்காத சிவப்பு. அந்தச் சாவிக்காக அண்ணனும் அவனோடு மண்டிபோட்டு வயல் முழுக்கத் தேடியிருந்தான்.

"அண்ணே, நான் உள்ள இருக்கேன்."

கால் மேலே ஏறியது. எஞ்சின் உறுமியது.

தம்பியின் பாதத்துக்கு அடியில், வைக்கோலை உருட்டும் பட்டை ஒரு சாண் நகர்ந்தது.