சித்தியின் பெயர் ஓடும் நேரம்

“கம்ப்யூட்டர்ல பட்டனைத் தட்டினா எருமை தானா நடக்கும். இதுல உங்க சித்தி என்ன செஞ்சாங்களாம்?”

பக்கத்து பெஞ்சு இளம்பரிதி இப்படிக் கேட்டதும் ஃபெபிக்கு உச்சந்தலை வரை சூடேறியது. அவனுடைய ரப்பரைப் பிடுங்கி ஜன்னல் வழியே வயலில் எறிந்துவிட்டாள்.

ஷீபா சித்தி சென்னையில் சினிமாவுக்கு அனிமேஷன் செய்தவர். முதலில் விளம்பரத்துக்காக பிஸ்கட்டை ஆட வைத்தார். பிறகு படங்களில் மழை பெய்ய வைத்தார், தேரைப் பறக்க வைத்தார். கடைசியாகச் செய்தது ‘சேற்று ராசா’ படத்தில் வரும் எருமைக் கன்று. அவர் வேலை பார்த்த இடத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் இன்றும் அந்தக் கன்றின் நடையைப் பார்த்துத்தான் பழகுகிறார்களாம். சித்திதான் இல்லை. போன வருஷம் நோய் வந்து இறந்துபோனார்.

அந்தப் படம் வெளியானபோது குடும்பமே டவுன் தியேட்டருக்குப் போனது. ‘வணக்கம்’ என்று திரையில் வந்ததுதான் தாமதம், விளக்கைப் போட்டுப் படத்தை நிறுத்திவிட்டார்கள். சித்தியின் பெயர் அதற்குப் பிறகுதான் வரும்!

“விடுடி, அடுத்த படத்துல பார்த்துக்கலாம்” என்று சித்தி சிரித்தார்.

அடுத்த படம் வரவே இல்லை.

இன்று மாதா கோவில் திருவிழா. சாயங்காலம் திடலில் அதே படம் போடுகிறார்கள். அதிராம்பட்டினத்திலிருந்து புரொஜக்டர் கொண்டுவந்திருந்த அன்சாரின் முன்னால் போய் நின்றாள் ஃபெபி.

“அண்ணே, கடைசியில பேரு ஓடும். அதை நிறுத்தக் கூடாது.”

“அதை யாரு பாப்பா பார்க்கிறா? ‘வணக்கம்’னு வந்ததும் சனம் எந்திரிச்சு ஓடிடும். காலி நாற்காலிக்கா படம் ஓட்டுறது?”

“எங்க சித்தி பேரு வரும்!”

“எல்லாரும் இருந்தா நான் ஏன் நிறுத்தப் போறேன்? நீ இருக்க வை பார்ப்போம்.”

ஃபெபி காலால் மண்ணை உதைத்தாள். பெருவிரல்தான் வலித்தது. ஒரு ஓரமாக உட்கார்ந்து விரலைத் தேய்த்துக்கொண்டே யோசித்தாள். படம் முடிந்ததும் எல்லோரும் எங்கே ஓடுகிறார்கள்? வாசல் பக்கம். வாசலில் என்ன இருக்கிறது?

சுண்டல்!

நொண்டிக்கொண்டே ஓடினாள். இருதயம்மாள் அத்தை சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

“அத்தை, அண்டாவைத் திரைக்குப் பக்கத்துல வைக்கிறீங்களா?”

“அங்க எதுக்குடி?”

ஃபெபி சொன்னாள்.

“ஷீபா பேருக்கா? அண்டா என்னடி அண்டா, அடுப்பையே தூக்கிட்டு வாரேன்!”

படம் ஆரம்பித்தது. கன்று சேற்றில் வழுக்கி விழுந்தபோது திடலே சிரித்தது. காதில் ஈ உட்கார்ந்ததும் கன்று காதை மட்டும் சிலுப்பியது. இன்னொரு ஈ வந்ததும் தலையையே உதறியது.

“ஏய், நெசமாவே நம்ம ஊரு எருமை மாதிரி உதறுது!” என்றான் இளம்பரிதி.

“வைரக்கண்ணு மாமா வீட்டு எருமை பக்கத்துலயே நாள் முழுக்க உக்காந்து பார்த்து, சித்தி செஞ்சது அது.”

“அப்ப கம்ப்யூட்டரு?”

“கம்ப்யூட்டரை ஈ கடிக்குமாடா?”

“சரி, என் ரப்பரு?” என்றான் இளம்பரிதி மெதுவாக.

“நாளைக்குத் தேடித் தாரேன்.”

‘வணக்கம்’ வந்தது. கூட்டம் எழுந்தது. ஆனால் வாசலுக்குப் போகவில்லை. அண்டாவைப் பார்த்துத் திரைப் பக்கம் பாய்ந்தது. அன்சார் சொன்ன சொல் தவறவில்லை. வெள்ளைத் துணியில் பெயர்கள் மேலே ஏறத் தொடங்கின.

ஆனால் ஒரு பெயரையும் படிக்க முடியவில்லை. திரை முழுக்கத் தலைகளின் நிழல்! யாரோ ஒருவரின் தலைப்பாகை பாதித் திரையை மறைத்தது.

வகுப்பில் பெயர் கேட்டாலே முணுமுணுக்கிற ஃபெபி, இப்போது தொண்டை கிழியக் கத்தினாள்.

“உக்காருங்க! எல்லாரும் உக்காருங்க! எங்க சித்தி பேரு வருது!”

திடல் திடுக்கிட்டது.

“அதான் சொல்லுதுல்ல புள்ள? உக்காந்தாத்தான் சுண்டல்!” என்று கரண்டியை ஓங்கினார் இருதயம்மாள் அத்தை.

எல்லோரும் அங்கங்கே மணலில் உட்கார்ந்தார்கள். தலைப்பாகையும் உட்கார்ந்தது.

“எதுடி ஷீபா பேரு? எனக்கு இங்கிலீசு தெரியாதே!” என்றார் அத்தை.

ஃபெபி திரைக்கு அருகே ஓடி, வெளிச்சத்துக்குள் கையை நீட்டினாள். துணியில் அவள் விரலின் நிழல் விழுந்து, ஒரு பெயருக்கு அடியில் கோடு போட்டதுபோல் நின்றது.

“ஷீ… பா…” என்று இளம்பரிதி எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தான். சின்னப் பிள்ளைகள் எல்லோரும் அவன் பின்னால் சொன்னார்கள்.

பெயர் மேலே நழுவப் பார்த்தது. அன்சார் சட்டென்று படத்தை அப்படியே நிறுத்தினார்; பெயர் திரையிலேயே நின்றது.

இந்த முறை நிறுத்தியதற்கு ஃபெபி கோபப்படவில்லை.